இன்னோவாவைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்

புதிய கார் ஒன்று வந்தால் அதைப் பற்றி எழுதுபவர்கள் அத்தனை பேரும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை வினாடியில் தொட்டது, வளைவில் உடம்பு எவ்வளவு சாய்ந்தது, பிக்கப் எப்படி என்பதுதான் அவர்களுடைய கேள்வி. இருவர் மட்டும் போகிற காருக்கு அது போதும். ஏழெட்டுப் பேர் ஏறுகிற குடும்ப வண்டிக்கு அந்த அளவுகோல் பாதிகூடப் போதாது. ஓட்டுபவர் ஒருவர், மீதி ஆறேழு பேர் சும்மா உட்கார்ந்து வருபவர்கள். அவர்களிலும் கடைசி வரிசைக்குத் தள்ளப்படுகிறவர்களை யாரும் கேட்பதில்லை. நம் வீடுகளில் அந்த இடம் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு, இல்லையென்றால் "நான் எங்க உட்கார்ந்தா என்ன" என்று தானாகவே பின்னால் ஏறிக்கொள்ளும் பெண்களுக்கு. ஆனால், ஐந்து இருக்கைக் காரை விட்டுவிட்டு இந்த வண்டிக்குக் கூடுதலாகப் பல லட்சம் கொடுப்பதே அந்தக் கடைசி வரிசைக்காகத்தான்.

இந்தியாவில் குடும்ப வண்டி என்றாலே நினைவுக்கு வரும் பெயர் இன்னோவா. அதன் பெரிய மாற்றமான இன்னோவா ஹைகிராஸ் 2022 நவம்பர் 25 அன்று இங்கே அறிமுகமானது. நான்கு நாள் முன்பு இந்தோனேசியாவில் இதே வண்டி ஸெனிக்ஸ் என்ற பெயரில் வெளியானது. டொயோட்டாவை இந்தியாவுக்குக் கூட்டு நிறுவனமாகக் கொண்டுவந்த விக்ரம் கிர்லோஸ்கர் இந்த அறிமுகம் முடிந்த நான்காம் நாள் காலமானார். அவர் காலத்தில் டொயோட்டாவின் பிடதி ஆலையிலிருந்து வெளிவந்த வண்டிகளில் இவ்வளவு துணிச்சலான மாற்றம் வேறொன்றில்லை என்பது என் எண்ணம். சேஸி போய்விட்டது. டீசல் போய்விட்டது. பின்சக்கர இழுவையும் போய்விட்டது. இன்னோவா என்ற பெயருக்கு மரியாதை வாங்கித் தந்த மூன்றையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அந்த மரியாதை எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 2000-இல் டொயோட்டா இங்கே விற்கத் தொடங்கிய முதல் வண்டி குவாலிஸ். 1977 முதல் இந்தோனேசியாவில் ஓடிக்கொண்டிருந்த கிஜாங் என்ற வண்டியின் வழித்தோன்றல் அது. பார்க்க அழகில்லை, ஆனால் நிற்காமல் ஓடியது. நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே, 2005-இல் அதை நிறுத்திவிட்டு இன்னோவாவை இறக்கினார்கள். ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் தனியாக உட்காரவைத்த உடல், பின்சக்கரங்களைத் தள்ளும் 2.5 லிட்டர் டீசல் இன்ஜின். விமான நிலைய வாடகையிலிருந்து சபரிமலை சீசன்வரை ட்ராவல்ஸ்காரர்களின் சோற்றுப் பானை அதுவாகிவிட்டது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைக்கூட செகண்ட் ஹேண்டில் தயங்காமல் வாங்கினார்கள். தமிழ்நாட்டு அரசியலிலும் அதற்கு ஓர் இடம் கிடைத்தது. 2012-இல் அதிமுகவில் சேர்ந்த நாஞ்சில் சம்பத்துக்கு ஜெயலலிதா ஓர் இன்னோவாவைக் கொடுத்ததும், பிறகு அந்தப் பேச்சாளரின் பெயரோடு காரின் பெயரும் ஒட்டிக்கொண்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. வேறெந்த வண்டியின் பெயராவது இப்படி ஒரு பட்டமாக மாறியதாக எனக்கு நினைவில்லை.

2016 மே மாதம் வந்த கிரிஸ்டா, அதே எலும்புக்கூட்டின் மேல் சதையைக் கூட்டியது. மும்பை எக்ஸ்-ஷோரூம் விலை 13.84 லட்சத்தில் தொடங்கியது. ஆனால் அது பிறப்பதற்கு முன்பே டீசலுக்குக் கெட்ட காலம் ஆரம்பித்துவிட்டது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 2000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைத் தில்லி தலைநகர் வட்டாரத்தில் பதிவுசெய்யத் தடை விதித்தது. இன்னோவாவும் ஃபார்ச்சூனரும் அதில் நேரடியாக அடிபட்டன. 2016 ஆகஸ்டில் ஒரு விழுக்காடு பசுமை வரியோடு தடை விலகினாலும், டீசலை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்ற பாடம் நிறுவனத்துக்குப் புரிந்திருக்க வேண்டும். ஹைகிராஸின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது கடைசி வரிசைக்கு வருவோம். பழைய இன்னோவாவிலும் கிரிஸ்டாவிலும் தரைக்குக் கீழே தடித்த இரும்புச் சட்டம் ஓடுகிறது. இன்ஜினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டும் அங்கேதான் இருக்கிறது. அவற்றுக்கெல்லாம் மேலேதான் தளம் போட முடியும். தளம் உயர்ந்தால், கூரை அதே உயரத்தில் இருக்கும்போது, இருக்கைக்கும் தளத்துக்கும் நடுவே இடைவெளி குறையும். கடைசி வரிசையில் முழங்கால் மார்பை நோக்கி ஏறி நிற்பதும், தொடை அந்தரத்தில் தொங்குவதும், இரண்டு மணி நேரத்தில் இடுப்பு கடுப்பதும் இதனால்தான். மெத்தையை மாற்றித் தீர்க்கக்கூடிய குறை இல்லை இது.

ஹைகிராஸில் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். இன்ஜின் முன்னால் குறுக்காகப் படுத்திருக்கிறது, முன்சக்கரங்களையே இழுக்கிறது. பின்னோக்கி ஓடும் தண்டுக்கு வேலையில்லை. விளைவை அளவுகளே சொல்கின்றன: கிரிஸ்டாவின் நீளம் 4,735 மில்லிமீட்டர், ஹைகிராஸின் நீளம் 4,755. வெளியே கூடியது இரண்டே சென்டிமீட்டர். ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் 2,750-லிருந்து 2,850 மில்லிமீட்டராகி, பத்து சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. தெருவில் நிறுத்தும் இடம் ஏறக்குறைய அதேதான். உள்ளே மனிதருக்குக் கிடைத்த இடம் அதிகம். வயதுவந்த ஒருவர் கடைசி வரிசையில் காலைத் தாழ வைத்து ஒழுங்காக உட்கார முடிகிறது. சாய்மானத்தையும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளலாம். கிரிஸ்டாவில் கடைசி இருக்கைகளை மடக்கினால் இரு பக்கமும் ஜன்னலை மறைத்துக்கொண்டு தொங்கும். ஹைகிராஸில் அந்தத் தொந்தரவு இல்லை.

வண்டிக்குள் வரும் அதிர்வும் மாறியிருக்கிறது. சட்டத்தின் மேல் உட்கார்ந்த உடல், குண்டும் குழியுமான சாலையில் தனக்கென ஓர் ஆட்டம் போடும். பின் அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பவர்தான் அதை முழுதாக வாங்கிக்கொள்வார். மலைப்பாதையில் பின்சீட்டுக் குழந்தை பாலித்தீன் பையைக் கையில் பிடித்தபடி வருவதற்கு அந்த ஆட்டமும் ஒரு காரணம். ஹைகிராஸில் அது கணிசமாகக் குறைந்திருக்கிறது. வடிவமைப்பாளர்களைப் பாராட்ட வேண்டிய இடம் இது. நான் தயங்காமல் பாராட்டுகிறேன். விளம்பரத்தில் அகலக் கூரைக் கண்ணாடியைக் காட்டினார்கள். காட்டியிருக்க வேண்டியது தளத்தின் உயரத்தை.

அந்த விளம்பர மனநிலைக்கும் வண்டிக்குள் ஒரு தடயம் இருக்கிறது. உயர் ரகங்களின் நடு வரிசையில், கெண்டைக்காலைத் தாங்கிக்கொண்டு சாயும் மின்விசைச் சொகுசு இருக்கைகளைப் போட்டிருக்கிறார்கள். அதை முழுதாக நீட்டிப் படுத்தால், பின்னால் இருப்பவருக்கு இப்போதுதான் கிடைத்த இடம் அவ்வளவும் போய்விடும். டிரைவர் வைத்துக்கொண்டு தனியாகப் போகும் முதலாளிக்கு அது பொருந்தும். பாட்டி, தாத்தா, நாத்தனார் பிள்ளைகள் என்று எட்டுப் பேர் திருச்செந்தூர் போகும் குடும்பத்துக்கு நடுவில் முழு நீள இருக்கை உள்ள எட்டுப் பேர் ரகமே நல்லது. வெளித்தோற்றத்திலும் அதே ஆசைதான்: உயர்ந்த பானெட், அகன்ற முகப்பு, 185 மில்லிமீட்டர் தரை இடைவெளி. குடும்ப வண்டி என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டு எஸ்யூவி சட்டையை மாட்டிக்கொண்டதுபோல இருக்கிறது.

மலையேற்றத்தில் கணக்கு வேறு. ஏழு பேரும் மூட்டைகளும் ஏறிய வண்டி செங்குத்தான சாலையில் போகும்போது எடை பின்னால் சாய்கிறது. பின்சக்கரங்கள் தள்ளும் வண்டிக்கு அந்த எடையே பிடிமானம். முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டிக்கோ எடை எங்கே தேவையோ அங்கிருந்து விலகிப்போகிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை மழை நாளில் முழுச் சுமையோடு ஏறும் டிரைவர் இந்த வித்தியாசத்தை ஸ்டீயரிங்கிலேயே உணர்வார். குறைந்த சுற்றிலேயே 343 நியூட்டன் மீட்டர் இழுவை தரும் கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் டீசலோடு பழகியவருக்கு, 205 நியூட்டன் மீட்டர் தரும் ஹைகிராஸின் சாதாரண 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் ஏற்றத்தில் சத்தம் போட்டு வேலை செய்வதாகத் தோன்றும். ஹைபிரிட்டில் மின்மோட்டார் கைகொடுப்பதால் அந்தக் குறை பெரிதும் மறைந்துவிடுகிறது.

ஹைபிரிட் என்றால் என்ன என்பதில் வாங்குபவர்களிடம் இன்னும் குழப்பம் இருக்கிறது. இதை வீட்டுப் பிளக்கில் சொருக முடியாது. சக்தி முழுவதும் பெட்ரோலிலிருந்தே வருகிறது. பிரேக் போடும்போதும் சரிவில் உருளும்போதும் வீணாகப்போகும் ஆற்றலை மோட்டார் மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்த்து, அடுத்த நகர்வுக்குத் திருப்பித் தருகிறது. ஆகவே நின்று நின்று நகரும் நகர நெரிசலில்தான் இதன் முழு லாபம். அண்ணா சாலையில் சிக்னலுக்கு சிக்னல் இன்ஜின் அணைந்து கிடக்கும். திருச்சி நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போனால், பிரேக்கே போடாத இடத்தில் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை, லாபம் சுருங்கும். நிறுவனம் சொல்லும் கணக்கு ஹைபிரிட்டுக்கு லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர், சாதாரண பெட்ரோலுக்கு 16.13. ஏசியும் எட்டுப் பேரும் சேர்ந்தால் இரண்டும் குறையும்.

சரி, அந்தக் கணக்கையே முழுதாக நம்பிக்கொள்வோம். 2022 டிசம்பரில் விலை அறிவித்தபோது ஏழு இருக்கைகள் கொண்ட ஜிஎக்ஸ் பெட்ரோல் ரகம் 19.15 லட்சம், ஹைபிரிட்டில் விலை குறைந்த விஎக்ஸ் ரகம் 24.01 லட்சம். வித்தியாசம் 4.86 லட்சம். நூறு கிலோமீட்டருக்கு பெட்ரோல் ரகம் 6.2 லிட்டர் குடிக்கும், ஹைபிரிட் 4.3. மிச்சம் 1.9 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 190 ரூபாய். 4.86 லட்சத்தை இப்படி மீட்க இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் வீட்டு வண்டிக்கு இருபது ஆண்டுகள் தாண்டும். அந்த வித்தியாசத்தில் கூடுதல் வசதிகளும் அடக்கம் என்பது உண்மைதான். அவற்றைக் கழித்தாலும் பணம் மிச்சமாகும் என்று சொல்லி ஹைபிரிட் வாங்குவது வீட்டுக் கணக்குக்கு ஒத்துவராது. அமைதிக்காகவும் இழுவைக்காகவும் புகை குறைவதற்காகவும் வாங்குகிறேன் என்றால் அது நேர்மையான காரணம். பேட்டரி என்ன ஆகுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள் என்பதால் முதல் உரிமையாளருக்கு அந்தப் பயம் வேண்டாம். பத்தாம் ஆண்டில் செகண்ட் ஹேண்டாக வாங்குபவர்தான் யோசிக்க வேண்டும். பழைய இன்னோவாவின் ரீசேல் மதிப்பை இதற்கும் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

இந்தக் கணக்கை இன்னும் மோசமாக்குபவை அரசுகள். 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் இந்த அளவு ஹைபிரிட் வண்டிக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 43 விழுக்காடு. டீசல் கிரிஸ்டா வகையறாவுக்கு 50. ஏழு விழுக்காட்டுச் சலுகையாவது இருந்தது. இப்போது இரண்டுக்கும் ஒரே 40. விலை இருதரப்புக்கும் குறைந்தது நல்லதுதான், ஆனால் எரிபொருளைச் சேமிக்கும் வண்டியும் டீசலைக் குடிக்கும் வண்டியும் வரிக்காரர் கண்ணில் ஒன்றாகிவிட்டன. மின்சாரக் காருக்கு மட்டும் 5 விழுக்காடு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட சாலை வரி இதன் மேல் ஏறுகிறது: பத்து முதல் இருபது லட்சம்வரை 18 விழுக்காடு, இருபதைத் தாண்டினால் 20. எரிபொருளைச் சேமிக்கிற ரகம் விலை கூடியது என்பதால் கூடுதல் வரி விகிதத்தில் மாட்டுகிறது. உத்தரப் பிரதேச அரசு 2024 ஜூலையில் இத்தகைய ஹைபிரிட் வண்டிகளுக்குப் பதிவு வரியையே தள்ளுபடி செய்தது. இத்தனை கார் ஆலைகள் உள்ள தமிழ்நாடு அதில் ஒரு பங்காவது செய்திருக்கலாம்.

2023 தொடக்கத்தில் டொயோட்டா செய்த காரியம், என் பார்வையில், ஹைகிராஸைப் பற்றிய மிக நேர்மையான விமர்சனம். நிறுத்திவைத்திருந்த கிரிஸ்டாவை டீசல் இன்ஜின், கையால் மாற்றும் ஐந்து கியர் என்ற ஒரே வடிவத்தில் மறுபடியும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஹைகிராஸிலோ கிளட்ச் மிதிக்கும் ரகமே கிடையாது. ஆக, ஒரே பெயரில் இரண்டு சாதிகள் உருவாகிவிட்டன. சொந்தக்காரர் ஓட்டும் வெள்ளை நம்பர் பிளேட்டுக்கு ஆட்டோமேட்டிக் ஹைகிராஸ். நாள் முழுக்க வாடகைக்கு ஓடும் மஞ்சள் நம்பர் பிளேட்டுக்கு கியர் போடும் கிரிஸ்டா. திருப்பதி போக ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடும் நடுத்தரக் குடும்பம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. புது வண்டி பழையதற்கு முழு மாற்று இல்லை என்று தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன். இதே ஹைகிராஸை 2023 ஜூலை முதல் மாருதி, இன்விக்டோ என்ற பெயரில் விற்கிறது. அதுவும் பிடதியில் பிறப்பதுதான். ஏழு இருக்கை வேண்டும், கையில் பதினைந்து லட்சத்துக்கு மேல் இல்லை என்பவர்கள் எர்டிகாவுக்கும் கியா கேரன்ஸுக்கும் எப்போதோ போய்விட்டார்கள்.

பாதுகாப்பைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், கடைசி வரிசைக்காரருக்கு அதுதான் முதல் கேள்வி. அறிமுகத்தின்போது ஆறு காற்றுப்பைகள் மேல் ரகங்களுக்கு மட்டுமே. கீழ் ரகங்களுக்கு இரண்டு. இருபது லட்சத்தை நெருங்கும் குடும்ப வண்டியில் முன்னால் இருக்கும் இருவருக்கு மட்டும் காற்றுப்பை என்பதை என்ன சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. 2025-இல் பாரத் என்கேப் சோதனையில் ஹைகிராஸ் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, மகிழ்ச்சி. ஆனால் அந்த நட்சத்திரம் எதைச் சோதித்து வந்தது என்று பார்க்க வேண்டும். 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்புற மோதல், 50-இல் பக்கவாட்டு மோதல், கம்பத்தில் பக்கவாட்டாக இடிப்பது. பெரியவர் உருவப் பொம்மைகள் முன்னிருக்கைகளில். ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைப் பொம்மைகள் அதற்கு அடுத்த வரிசையில். மூன்றாம் வரிசையில் பொம்மை உட்காரவில்லை. பின்னாலிருந்து லாரி இடித்தால் என்ன ஆகும் என்பது அந்த மதிப்பெண்ணில் இல்லை. டிக்கிக் கதவுக்கும் கடைசி இருக்கையில் இருப்பவர் தலைக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒரு முறை கையால் அளந்து பார்த்தவருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது.

பின்னிருக்கையில் பெல்ட் போடாமல் போவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2022 செப்டம்பரில் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியின் மரணம் நாட்டுக்கே காட்டியது. சட்டம் அதற்கு முன்பே பின்னிருக்கை பெல்ட்டைக் கட்டாயமாக்கியிருந்தது. எட்டுப் பேர் வண்டியில் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு, கடைசி வரிசையில் பிள்ளைகளை மடிமேல் மடியாக அடுக்கிக்கொண்டு போகும் நம் வழக்கத்தை எந்த வடிவமைப்பும் காப்பாற்றாது.

இனி என் தீர்ப்பு. உட்கார்ந்து வருபவரின் கண்ணால் பார்த்தால், ஹைகிராஸ் இதுவரை வந்த இன்னோவாக்களில் சிறந்தது. ஓட்டம் குறைவான குடும்பத்துக்கு எட்டு இருக்கை கொண்ட சாதாரண பெட்ரோல் ரகம் போதும். தினமும் நகர நெரிசலில் ஓடும் வண்டி என்றால் ஹைபிரிட் வாங்கலாம். முழுச் சுமையோடு மலையேறுவதே தொழில் என்றால் கிரிஸ்டா. எதை வாங்கினாலும், பதிவுத் தொகை கட்டும் முன், நீங்கள் எடுக்கும் அந்த ரகத்தில் எத்தனை காற்றுப்பைகள், பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பை கடைசி ஜன்னல்வரை நீள்கிறதா, கடைசி வரிசையின் ஒவ்வோர் இருக்கைக்கும் மூன்று முனை பெல்ட் உண்டா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்திடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. மூன்று வரிசை வண்டி என்று சொல்லி விற்கப்படும் எதையும், மூன்றாம் வரிசையில் பொம்மையை உட்காரவைத்து, பின்புற மோதலையும் சேர்த்துச் சோதித்து, அந்த வரிசைக்கென்று தனி மதிப்பெண் போட்டு வெளியிடச் செய்யுங்கள்.